வராத பிள்ளையின் பங்கு

மாதத்துக்கு ஒரு தடவை சிரம்பானிலிருந்து ஒரு தாள் வரும். 'மாவட்டப் பள்ளிச் செய்தி' என்று தலைப்புப் போட்ட இரண்டு பக்கம். எந்தத் தோட்டத்தில் புதுக் கொட்டகை எழும்பியது, கோலா பிலா பக்கம் எத்தனை பெஞ்சு வந்து இறங்கியது, போன வருஷத்தைவிட இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் கூடுதல் என்று எல்லாம் வளர்ச்சிச் செய்திதான். கல்லுமலை ரப்பர் தோட்டத்துத் திருநாவுக்கரசு வாத்தியார் அதை ஒரு எழுத்து விடாமல் படிப்பார். படித்து முடித்துவிட்டு, ஐந்து வகுப்பும் ஒரே தகரக் கூரைக்கடியில் கத்திக்கொண்டிருக்கும் தன் பள்ளிக்கூடத்தைப் பார்ப்பார்.

அவர் பள்ளியும் வளரத்தான் செய்தது. வளர்ந்த விதம்தான் வேறு. அது வெள்ளைக்காரன் மலாயாவில் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதென்று, தோட்டத்தின் மூன்று டிவிஷன் லய வீடுகளிலிருந்த ஜனங்களையும் சட்டிபானையோடு கிளப்பிக் கொண்டுவந்து ஒரே முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். முப்பத்தாறு பிள்ளைகள் ஒரே மாதத்தில் தொண்ணூற்றிரண்டு ஆனார்கள். வாத்தியார் மட்டும் ஒருவராகவே இருந்தார்.

இன்னொரு வாத்தியார் கேட்டு எழுதினார். கை வலிக்க எழுதினார். கடைசியில் பதில் வந்தது: தினசரி வருகை சராசரி எண்பதுக்குக் குறையாமல் ஆறு மாதம் இருந்தால் இரண்டாம் ஆசிரியர், ஆறாம் வகுப்பும் உண்டு.

எண்பதுக்கு எங்கே போவது? மழை விட்டு நல்ல வெட்டு நாள் வந்துவிட்டால் பெரிய பிள்ளைகளைத் தாய்மார் ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பால் வடியும் மங்கு துடைக்க, உறைந்த கட்டிப்பால் பொறுக்க இரண்டு கை கூடுதலாகக் கிடைத்தால் எந்தத் தாய் விடுவாள்? அறுபது தேறினால் அது நல்ல நாள். வாத்தியாரும் ஒரு வழி கண்டுபிடித்தார். வராத பிள்ளைக்கும் பதிவேட்டில் வந்ததாக நீலக் கோடு இழுத்தார். மேற்பார்வைக்கு ஆள் வந்தால் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, வராத பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போது பக்கத்துப் பிள்ளை "உள்ளேன் ஐயா" சொல்லவும் பழக்கிவைத்தார். வாய்ப்பாட்டைவிட அதைப் பிள்ளைகள் சீக்கிரம் படித்துக்கொண்டார்கள். நல்லதுக்குத்தானே செய்கிறோம் என்று அவர் மனசார நம்பினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே சமயத்தில் பிள்ளைகளுக்கு மாவுப்பால் கொடுக்க உத்தரவாயிற்று. கோடு எத்தனையோ அத்தனை பேருக்கு மாவு வரும். கரைத்து ஊற்ற மங்கம்மாவைப் போட்டார்கள். புருஷன் செத்த பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் பங்கு தெரியும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கிடா வெட்டினால், காய்ச்சலில் படுத்திருப்பவன் வீட்டுக்கும் இலையில் கறி போய்ச் சேரும். வராதவனுக்குப் பங்கில்லை என்று சொல்லும் வழக்கம் அந்த ஜனத்திடம் கிடையாது. மங்கம்மாவும் வராத பிள்ளைகளின் மாவைக் கரைக்காமல் காகிதத்தில் மடித்து வைப்பாள். மத்தியானம் வெட்டு முடிந்து வரும் தாய்மார் பள்ளி வாசலில் வாங்கிப் போவார்கள். வாத்தியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேலிக்குள் நடக்கிற காரியம், யாருக்கு நஷ்டம் என்று விட்டுவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பால் வெட்டும் பஞ்சாலை என்பவள் தன் மகள் நீலாவதியை வெட்டுக்குக் கூட்டிப்போனாள். விடியலில் அவர்கள் பள்ளியைத் தாண்டிப் போவதை வாத்தியார் பல் விளக்கிக்கொண்டே பார்த்தார். "வாத்தியாரே, இன்னிக்கு ஒரு நாளு மட்டும்லா," என்று பஞ்சாலை சிரித்தாள். அவரும் தலையாட்டினார். பிறகு போய்க் கோடு இழுத்தார்.

மத்தியானம் மங்கம்மா கொடுத்த பொட்டலத்தைப் பஞ்சாலை கூடையில் போட்டாள். வீட்டில் கைக்குழந்தைக்கு ஜுரம், அனலாய்க் கொதித்தது. பொட்டலம் மறந்தே போனது. மறுநாள் இருட்டோடு அதே கூடையைத் தூக்கிக்கொண்டு வேலிக் கேட்டுக்குப் போனாள். சோதனை போடும் பெண் கூடையைக் கவிழ்த்தாள். பால் வெட்டும் உளி, கந்தல் துணி, அதற்கடியில் மாவுப் பொட்டலம். வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் ஜெயில் என்றிருந்த காலம் அது.

பத்து மணிக்கு வாத்தியாரைப் பதிவேட்டோடு ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஆபீஸ் படியில் மங்கம்மா நின்றாள்.

"நாந்தானுங்க குடுத்தேன். உள்ள போயிச் சொல்லிடுறேன்," என்றாள்.

"சொன்னா நீயும் லோரியில ஏற வேண்டியதுதான். பேசாம இரு. நான் பாத்துக்கிறேன்," என்றார் வாத்தியார்.

பார்த்துக்கொள்வதாகத்தான் அவரும் உள்ளே போனார்.

வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி மேசையில் அந்தப் பொட்டலம் இருந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கணேசமூர்த்தி கிராணி நின்றபடி மொழிபெயர்த்தார். பஞ்சாலை தரையில் உட்கார்ந்திருந்தாள், தலைத்துணியைக்கூட அவிழ்க்கவில்லை.

"எம் மவ பங்குங்கய்யா அது. நேத்து அவ பள்ளிக்கூடம் போவல, என்கூட வெட்டுக்கு வந்தா. வராத புள்ளைக்கு எடுத்து வைப்பாங்க. மறந்துபோயி கூடையில இருந்துருச்சி. வாத்தியாருக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க."

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வாத்தியார் பக்கம் திரும்பினார். கிராணி சொன்னார்: "ரொம்ப லேசான கேள்விதான் சார். நேத்து அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்துச்சா, இல்லையான்னு கேக்குறாரு."

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். பஞ்சாலை எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்தது. பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. அப்படியானால் இந்தக் கோடு என்ன என்பார்கள். இது பொய் என்றால் மற்றதில் எத்தனை பொய் என்பார்கள். ஐந்து மாதமாகத் தினம் இருபது முப்பது பிள்ளைகளின் மாவு எங்கே போயிற்று, காட்டுக்குத்தானே என்பார்கள். மங்கம்மா, வாசலில் கை நீட்டி வாங்கிய தாய்மார், எல்லாரையும் லோரியில் ஏற்றுவார்கள். ஒருத்திக்காக இருபது பேரா என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் கிடந்தது: இன்னும் ஒரே மாதம் போனால் ஆறு மாதம் முடியும்.

பதிவேட்டைத் திறந்தார். செவ்வாய்க்கிழமைக்கு நேரே விரலை வைத்தார்.

"வந்திருக்கு," என்றார்.

பஞ்சாலை அவரை அண்ணாந்து பார்த்தாள். "நீங்க பாத்தீங்களே வாத்தியாரே," என்றாள். "பல்லு வெளக்கிக்கிட்டு நின்னீங்களே."

கிராணி அதையும் மொழிபெயர்த்தார். அதிகாரி நீலக் கோட்டைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். பிள்ளை வந்து பாலைக் குடித்திருந்தால் இந்த மாவு காட்டுக்குத்தான் என்பது அவர் கணக்கு. பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கலாமே என்று கிராணி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். தாய் சொல்லிக் கொடுத்ததைத்தான் பிள்ளை சொல்லும் என்று அதிகாரி எழுந்துவிட்டார்.

லோரி கிளம்பியபோது பஞ்சாலையின் புருஷன் மாயாண்டி ஜுரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டு வரைக்கும் ஓடினான். கேட்டுக்கு அப்பால் போக விடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பாவம் எந்த இடம் என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தவள் மங்கம்மா ஒருத்திதான். அன்றிலிருந்து அவள் வாத்தியாரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

பஞ்சாலைக்கு ஐந்து வருஷம் போட்டார்கள். வாத்தியார் ஒரு மனு எழுதினார், கிழித்தார். இன்னொன்று எழுதினார், அதையும் கிழித்தார். அம்மாவின் சம்பளம் நின்றுபோக, நீலாவதி புல் வெட்டும் கும்பலோடு போய்ச் சேர்ந்தாள். வயதைக் கூட்டிச் சொன்னார்கள், வேலை வாங்கும் மண்டோர் கேள்வி கேட்கவில்லை. அவள் பெயருக்கு நேரே கோடு மட்டும் நிற்கவில்லை. இந்த நேரத்தில் எண்ணிக்கை குறைந்தால் ஏன் குறைந்தது என்று கேட்பார்களே.

பள்ளி வாசலில் ஒரு ஸ்பெஷல் போலீசை நிறுத்தினார்கள். வந்த மாவு முழுவதையும் அவன் கண்ணெதிரே கரைத்துவிட வேண்டும், மிச்சமானால் அவன் கண்ணெதிரே கொட்டிவிட வேண்டும் என்று உத்தரவு. மங்கம்மா தினமும் கொட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துத் தாள் வந்தது. முதல் பக்கத்திலேயே இருந்தது: 'மாவட்டத்தில் விரைந்து வளரும் பள்ளிகளில் கல்லுமலைத் தோட்டப் பள்ளி முன்னிற்கிறது. ஆறு மாதச் சராசரி வருகை எண்பத்தேழு. இரண்டாம் ஆசிரியர் நியமனம். தலைமை ஆசிரியர் திரு. திருநாவுக்கரசு பாராட்டுக்குரியவர்.' அவர் அதை ஒரு தடவைதான் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், பிறகு எடுத்து மேசை இழுப்பறையின் அடியில் போட்டார்.

புது வாத்தியார் வள்ளியப்பன் ரந்தா ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு வந்தார். இளைஞர், நெற்றி நிறையத் திருநீறு, எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற துடிப்பு. முதல் நாள் காலை, "வருகையை நான் எடுக்கட்டுங்களா சார்?" என்று கேட்டு, பதிவேட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திருநாவுக்கரசு ஓரமாக நின்றார். பல நாளாகத் தூக்கம் கெட்டவர், இன்றைக்காவது இது முடியட்டும் என்று நினைத்தார். புது ஆள் கேட்பார், பதில் இருக்காது, சிவப்புக் கோடு விழும். அதோடு தீர்ந்தது.

"நீலாவதி, மாயாண்டி மகள்."

புது வாத்தியார் தலையை நிமிர்த்துவதற்குள், மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒரு சின்னக் குரல் தெளிவாக வந்தது.

"உள்ளேன் ஐயா."

புது வாத்தியார் நீலக் கோடு இழுத்தார். திருநாவுக்கரசு ஓரடி முன்னால் வைத்தார், அதற்குள் புது ஆள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே மங்கம்மா ஸ்பெஷல் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க, மிச்சப் பாலை மங்கு மங்காகக் கால்வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.