உமி எடுக்கிற கை

மரிய செலின் தலைவரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சன்னலில் வேட்டியைத் தொங்கவிட்டும் வெளிச்சம் அவள் கண்ணைக் குத்தியது. யாகப்பன் வாசலுக்கும் அறைக்குமாக நடந்து நடந்து அலுத்துப்போனார்.

“மணல வாரிக் கொட்டுன மாதிரி இருக்குப்பா.”

“கொட்டித்தான்டி அனுப்பியிருக்கானுங்க.”

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், “ரெண்டு மூணு நாள் அப்படித்தான் வலிக்கும், மாத்திரை குடுங்க, சொட்டு விடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வலிக்கும் என்று சொல்வதற்கு ஒரு ஆஸ்பத்திரியா?

அவருக்கு முதலிலிருந்தே இந்தக் கண் ஆபரேஷனில் சம்மதமில்லை. செலினுக்குத் திருபுவனை கம்பெனியில் பாட்டில் லேபிளைச் சரிபார்க்கிற வேலை. எழுத்தெல்லாம் நிழலோடு ரெண்டு ரெண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தும் எடுபடவில்லை. அவளைத் தூக்கிப் பெட்டி அடுக்கப் போட்டுவிட்டார்கள். கடைசியில் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துச் சொன்னது இது: கருவிழி மெலிந்து கூம்பாட்டம் முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. இடது கண் கைமீறிவிட்டது, வேறொருவர் கருவிழியை வைத்தால்தான் உண்டு. வலதைக் காப்பாற்றலாம். லேசரால் மேட்டைக் கொஞ்சம் இழைத்துச் சமன்படுத்தி, மஞ்சள் மருந்தை ஊறவிட்டு, ஊதா வெளிச்சம் காட்டி இறுக்கினால் மேற்கொண்டு தள்ளாது, பார்வையும் தெளியலாம்.

“மெலிஞ்சி போச்சின்றீங்க. மெலிஞ்சதையே இழைக்கிறேன்றீங்க. இது இன்னாம்மா நியாயம்?”

“தாங்குற அளவுக்குத்தான் எடுப்போம் ஐயா. எடுத்த கையோட இறுக்கிடுவோம்.”

“அப்புறம் கண்ணாடி வேணாமா?”

“வேணும். ஆனா போட்டா எழுத்து தெரியும்.”

“நல்லா கெட்டுது போ” என்று எழுந்து வந்துவிட்டார். செலின்தான் பிடிவாதமாகக் கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் முடிந்து செலினுக்கும் கூட வந்த அத்தைக்கும் நர்ஸ் விவரம் சொல்லும்போதும் அவர் அதே கோபத்தில் வெளியே டீக்கடையில் நின்றிருந்தார்.

இப்போது மகள் முனகுகிறாள். கை சும்மா இருக்கமாட்டேன் என்றது. அறுப்பு நாளில் ஊரில் யார் கண்ணில் உமி விழுந்தாலும் யாகப்பனிடம்தான் வருவார்கள். இமையைப் பிரட்டி, ஈரத் துண்டின் முனையைத் திரித்து ஒரே இழுப்பு. எடுத்த உமியைக் கட்டைவிரலில் வைத்து அவர்களுக்கே காட்டுவார்.

“சொட்டு வுடறேன், திற.”

அவள் நம்பித் திறந்தாள். இமையை விரித்துப் பார்த்தார். கருவிழி ஓரத்தில் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு விளிம்பு, கண்ணீரில் நனைந்து விலகி நின்றது. எதையோ உள்ளே விட்டுவிட்டு அனுப்பியிருக்கானுங்க! துண்டின் முனையைத் திரித்தார். ஒரே இழுப்பு.

செலின் போட்ட அலறலில் பக்கத்து வீட்டிலிருந்து அவர் தங்கை லில்லி ஓடிவந்தாள். யாகப்பன் கட்டைவிரலை நீட்டினார். “பாரு, உள்ள இன்னா கெடந்துச்சின்னு பாரு!”

லில்லி தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ அண்ணே, அது கட்டுண்ணே! மேல்தோல் வளர்ற வரைக்கும் மூடி வச்ச லென்சு! எடுக்காதன்னு அந்த நர்ஸு தலகீழா நின்னு சொல்லிச்சே!”

ஆட்டோவில் போகிற வழியெல்லாம் செலின் அத்தை மடியில் முகம் புதைத்திருந்தாள். வில்லியனூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கி நின்று கேட்காரனைத் திட்டித் தீர்த்தார் யாகப்பன்.

டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தாள். “யார் எடுத்தது?”

“தூக்கத்துல கசக்கிட்டேன் டாக்டர்” என்றாள் செலின்.

“கசக்கிக் கசக்கித்தானே இந்தக் கண்ணு இவ்ளோ கெட்டுது? உனக்கு அறிவு வேணாம்?”

யாகப்பனுக்குப் பொறுக்கவில்லை. “அவள ஏம்மா ஏசற? நான்தான் எடுத்தேன். எனக்கு யாரு சொன்னா?”

“நீதான் டீ குடிக்கப் போயிட்டியே” என்றாள் செலின், கண்ணைத் திறக்காமலே.

வேறு லென்ஸ் வைத்தார்கள். புண் ஆறுவது தள்ளிப்போகும், கிருமி பிடித்துத் தழும்பு விழுந்தால் செய்ததெல்லாம் வீண், ஆறினாலும் பார்வை தெளிய மாதக்கணக்காகும் என்றாள் டாக்டரம்மா. “எது எப்படின்னு இப்பவே சொல்லித் தொலைக்கக் கூடாதா?” என்றார் யாகப்பன். சொல்ல முடியாதாம்.

புண் ஆறி லென்ஸை எடுத்த பிறகு, அறுப்பு மெஷின் ஓடுகிற ஒரு மத்தியானம் ஊர்க்காரன் கண்ணையன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தான். “யாகப்பண்ணே, உமி வுழுந்துடுச்சி, எடு.”

“தண்ணிய வச்சிக் கழுவு. போவலன்னா ஆசுபத்திரிக்குப் போ.”

“இன்னாண்ணே, நீயா பேசற?”

“போடா, வாயக் கிளறாத!”

உள்ளேயிருந்து செலின் கூப்பிட்டாள். “அப்பா, சொட்டு நேரம். கையக் கழுவு.”

“கழுவிட்டேன்டி.”

“சோப்பு போட்டா?”

முணுமுணுத்துக்கொண்டே போய் சோப்பு போட்டுக் கழுவி வந்தார். சொட்டு விட்டார். அவள் இமையைக் கொட்டிக் கொட்டிச் சுவரில் மாட்டியிருந்த மாதா கோயில் காலண்டரில் தேதியைப் பார்த்தாள்.

“தெரியுதா?”

“எட்டு மாதிரி இருக்கு. மூணாவும் இருக்கலாம்.”

அது எட்டுதான். யாகப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “நாளைக்கிப் பாக்கலாம்” என்று எரிச்சலோடு வெளியே போனார்.