கிரான் மண்

மேசன் டொமினிக் கரண்டி முனையால் முன்சுவரைச் சுரண்டினார். விரலில் ஒட்டிய பொடியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த பூச்சாடிக்குள் துப்பினார். மர்சூக்குக்கு அது தன் முகத்தில் விழுந்ததைப் போலத்தான் இருந்தது. இந்தச் சுவரை யாராவது ஒருநாள் நக்கிப் பார்த்துவிடுவார்களோ என்று பத்தொன்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்த மனிதர் அவர். இப்படியொரு பயம் காத்தான்குடியில் வேறு எவருக்கும் இருந்திருக்காது.

“காக்கா, இது எங்க எடுத்த மண்?”

“கிரான் ஆத்து மண்தான்” என்றார் மர்சூக். பழகிய பொய் என்பதால் தடங்கலில்லாமல் வந்தது.

முப்பது வருடமாகச் சாந்து குழைப்பவருக்கு ஆற்று மணலையும் உப்பு வாவிக்கரை மணலையும் பிரித்துப் பார்க்க அடுத்தவர் வாக்குமூலம் தேவையா என்ன? டொமினிக் கரண்டியைக் கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“டைல்ஸ் ஒட்டலாம். ஆனா உப்பு உள்ளுக்கிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ரெண்டு மாரி தாங்கும், மிஞ்சினா மூணு. இடிச்சுக் கட்டினா இந்தச் சுவர் தப்பும். மத்தச் சுவரும் இதே மண்தானே?”

மர்சூக் தலையை மட்டும் ஆட்டினார்.

“அப்ப முன்னுக்கு மட்டும் இடிச்சு என்ன காக்கா. யோசிச்சுச் சொல்லுங்க. நான் பக்கச்சுவர அளந்துபோட்டு வாறன்.”

கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் இந்த ஊரில் கல்யாணம் நடக்காது. எந்தக் கிதாபிலும் இல்லாத சட்டம், ஆனால் எவரும் மீறாத சட்டம். வீட்டை மகள் சுஹைனாவின் பெயருக்கு எழுதியாகிவிட்டது. மாப்பிள்ளை அம்ஜத் கட்டாரிலிருந்து வந்து இதில் குடியேறுவார். மர்சூக்கும் மனைவி றஸீனாவும் குசினிக்குப் பின்னால் இறக்கியிருக்கும் தகர அறைக்குப் போய்விடுவார்கள். மாப்பிள்ளையின் தாய் ஹஸீனா வீடு பார்க்க வந்தபோது, பலகாரமெல்லாம் சாப்பிட்டு முடித்து, “எல்லாம் நல்லம், முன்பக்கம்தான் கொஞ்சம் பழசு” என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து வரும் ‘கொஞ்ச’த்தின் எடை எவ்வளவு என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

சுஹைனாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது றஸீனா குவைத்துக்குப் போனாள். ஒரு வீட்டில் நாலு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, உடுப்புக் கழுவி, அனுப்பிய காசில்தான் இங்கே அத்திவாரம் விழுந்தது. அந்த வருடம் சண்டை. பாதை பூட்டிக் கிடந்தது, கிரானிலிருந்து மண் ஏற்றிய உழவு இயந்திரம் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் தொலைபேசியில் கேட்பாள்: “சுவர் எழும்பிட்டா?” வாவிக்கரையில் மணல் கிடைத்தது. அதைக் குவித்து ஒரு மாரி மழையில் நனைய விட்டிருந்தால் உப்பு இறங்கியிருக்கும். நாலு மாதம் பொறுத்திருந்தால் போதும். மர்சூக் காசை மிச்சம் பிடிக்க அதைச் செய்யவில்லை, சத்தியமாக இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை “ஓம், எழும்பிட்டு” என்று சொல்ல ஆசைப்பட்டார், அவ்வளவுதான். என்ன மண் என்று அவள் கேட்டாள். கிரான் மண் என்றார்.

ஒன்பது வருடம் கழித்து வந்தவள், சவர்க்காரத்தில் தோலுரிந்த கையால் இந்தச் சுவரைத் தடவி அழுதாள். அடுத்த மாரியிலேயே பூச்சு பொரிந்தது. பெயின்ட் சரியில்லை என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு வருடா வருடம் ஹஜ் பெருநாளைக்கு முன் பெயின்ட் அடிப்பது அவருடைய வேலையாயிற்று.

றஸீனா பிளேன்டீயுடன் வெளியே வந்தாள்.

“மேசன் என்ன சொல்றாரு?”

“இஞ்ச பாரு, அது கிரான் மண்ணில்ல” என்றார் மர்சூக். “வாவி மண்.”

அவள் தட்டை வாசல் கட்டின் மேல் வைத்தாள்.

“எல்லாச் சுவருமா?”

“எல்லாம்.”

ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருடம் அந்த இரண்டு கைகளிலும்தான் இருந்தது. பிறகு அவரே கேட்டார்.

“மாப்புள வீட்டுக்குச் சொல்லிருவமா?”

“சொன்னா கல்யாணம் நிண்டுரும். இன்னொரு வீடு கட்ட நான் திரும்பவும் குவைத்துக்குப் போகணும். எனக்கு அம்பத்தொண்டு வயசு, சுஹைனாட வாப்பா.” குரல் உயரவேயில்லை. “டைல்ஸ ஒட்டச் சொல்லுங்க.”

கதவடியில் சுஹைனா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது. அழுவாள் என்று மர்சூக் நினைத்தார்.

“வெள்ள நிறம் எடுங்க, வாப்பா. உப்புப் பூத்தாலும் தெரியாது” என்றுவிட்டு உள்ளே போனாள்.

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ ஏச்சுக் கேட்டிருக்கிறார் மர்சூக். மகளின் அந்த ஒற்றைச் சொல்லைப் போல எதுவும் அவரை அறுத்ததில்லை.

ஐந்தாம் வாரம் மாப்பிள்ளையின் தாய் ஹஸீனா மீண்டும் வந்தார். வெள்ளை டைல்ஸ் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஒரு டைல்ஸில் விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, “இப்பதான் இது வீடு. நல்ல பலமா இரிக்கி காக்கா” என்றார். மர்சூக் “ஓம்” என்றார். உள்சுவருக்குக் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் பெயின்ட் என்று றஸீனா முடிவு செய்திருந்தாள். முந்தி அடித்தால் முந்தியே பொரிந்துவிடும். அதனால் கதிரைகளையெல்லாம் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தாள்.

அரை மணித்தியாலம் நல்லபடியாகப் போயிற்று. விடைபெற்று எழுந்த ஹஸீனா செருப்பு மாட்டும்போது நிலை தடுமாறி, கதவோர உள்சுவரில் முதுகைச் சாய்த்தார். வாரை இழுத்து மாட்டிக்கொண்டு, சிரித்து ஸலாம் சொல்லி, வாசலில் நின்ற வான் வண்டியை நோக்கி நடந்தார். அவருடைய கறுப்பு அபாயாவின் முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை, உப்புப் பொடி வெள்ளையாக அப்பியிருந்தது. மர்சூக், றஸீனா, சுஹைனா மூவரும் அதைப் பார்த்தார்கள். தட்டிவிட எழுந்த றஸீனாவின் கை பாதியில் நின்றது. வண்டிக்குள் முந்தி ஏறியிருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவருக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். ஏறப் போனவர் படியில் ஒரு காலை வைத்தபடி, டைல்ஸ் சுவரை இன்னொரு தடவை ஆசையாகத் திரும்பிப் பார்த்தார்.