குழவிக்கல்லுக்கு அடியில் பதினோரு மாசம்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் காகிதம் காகிதமாக இருக்காது. அப்பளம் மாதிரி நமத்து, ஓரம் சுருண்டு, கிரேயான் பூசிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஜெயசித்ரா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மகள் வள்ளி வரைந்த படங்களைப் பழைய செய்தித்தாள்களின் மடிப்புக்குள் ஒவ்வொன்றாக வைத்து, அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே அம்மிக்குழவியை ஏற்றிவிடுவாள். ஈரத்தைச் செய்தித்தாள் குடித்துக்கொள்ளும். படம் மொடமொடவென்று கிடக்கும்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பையிலிருந்து வீட்டுக்கு வருகிற காகிதம் கொஞ்சநஞ்சமில்லை. சனிக்கிழமைதோறும் தரையில் உட்கார்ந்து பிரிப்பாள். பரீட்சைத்தாளில் மாதத்துக்கு ஒன்று நிற்கும். கோடிட்ட இடம் நிரப்புகிற தாளெல்லாம் போய்விடும். படம் மட்டும் ஒன்றுகூடப் போகாது. பின்பக்கம் பென்சிலால் தேதியும், என்ன படம் என்று ஒரு சொல்லும் எழுதுவாள். அதே விவரம் ஒரு நீளநோட்டிலும் ஏறும். பேருந்து நிலையம் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். ஒரு தாள் முன்பின்னாகக் கிடந்தாலும் அவளுக்குப் பொறுக்காது.

இத்தனையும் பாண்டிராஜுக்காக. துணை ராணுவத்தில் இருக்கிற அவனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நீண்ட விடுப்பு. வந்த அன்று சாயங்காலம், வாசல் நடையிலிருந்து அடுப்படி வரைக்கும் படங்களைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பிவைப்பாள். அவன் வெறுங்காலோடு, படத்துக்கு ஓர் எட்டாக, பக்கத்திலேயே நடந்துவருவான். வருஷத்தில் நடக்கிறது என்று அதற்கு அந்த வீட்டில் பேர். போன ஆகஸ்டில் அவன் அடுப்படி வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி கேட்டான்.

இந்த ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலை ரயிலில் வந்து இறங்கினான். வள்ளி பள்ளிக்கூடம் போனாள், ஜெயசித்ரா கடைக்குப் போனாள். அன்றைக்கெல்லாம் ஜெராக்ஸ் மெஷினின் பச்சை வெளிச்சம் போய்வரும்போது, அதற்குள் அவன் கால்கள் மெல்ல நடந்து போவதாகவே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு முகாம் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. குழவி கழுவித் துடைத்து அம்மிமேல் ஏறியிருந்தது. கட்டிலுக்கு அடியில் வெறும் தரை.

"ஏங்க, இங்கன பேப்பர் அடுக்கு ஒண்ணு இருந்துச்சே?"

"அதுவா? சுடலையாண்டி கடைல போட்டுட்டேம்லா. பழைய பேப்பரைப் பூரா அட்டிபோட்டு, அதுமேல கல்லையும் தூக்கி வச்சிருக்க. பூரான் அடையுமா அடையாதா?"

ஜெயசித்ரா கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒவ்வொரு பேப்பருக்குள்ளயும் ஒரு படம் இருந்துச்சுங்க."

சொல்வது புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான். பதினோரு மாசத்தைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

வள்ளியை நடுவில் உட்காரவைத்து மூன்று பேரும் போனார்கள். சுடலையாண்டி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதை மத்தியானமே குத்தாலத்துக்கு ஏத்திவிட்டாச்சே தம்பி! சீசன்லா? பஜ்ஜி மடிக்கப் பேப்பர் கிடைக்காம ஒவ்வொருத்தனும் பறக்கான். ஐந்தருவிப் பக்கம் நூர்நிஷான்னு ஒரு பொம்பளை கடை போட்டிருக்கு. அங்கன கேளுங்க."

மலை கண்ணுக்குத் தெரியவில்லை. மேகம் இறங்கிவந்து ரோட்டோரத்துப் பலாப்பழக் கடைகளுக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. சாரல் விழுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாமல் முகத்தை மட்டும் நனைத்தது. தலையில் ஈரத்துண்டோடு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். எல்லார் கையிலும் காகிதம், காகிதத்துக்குள் ஆவி. வேட்டியை மடித்துக்கட்டிய ஒருவர் மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபடி எதிரே வந்தார். அவர் உள்ளங்கையில் வள்ளியின் சூரியன் எண்ணெயில் ஊறி, பின்பக்கத்துத் தேதியைக் காட்டிக்கொண்டு போனது. ஜெயசித்ரா திரும்பிப் பார்த்தாள். அக்டோபர் மாசம் மேகத்துக்குள் போய் மறைந்தது.

நூர்நிஷா அக்கா எண்ணெய்ச் சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "படமா? உங்க பிள்ள வரைஞ்சதா அது? முதல்ல கவனிக்கல தாயி, மடிச்சுக் குடுத்துட்டேன். அப்புறம் பாத்தா ஒவ்வொண்ணுலயும் மலை மலையா இருக்கு. அதுமேல போயி எண்ணெய வடிய விடவான்னு எடுத்து வச்சேன். அந்தா, மாவு டின்னு மேல."

இருந்தது பதிமூன்று. எழுபத்திரண்டில் பதிமூன்று.

"மத்தது?" என்றான் பாண்டிராஜ்.

"மத்ததெல்லாம் அருவிக்குப் போயிருக்கும் அண்ணாச்சி," என்று சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, வள்ளி கையில் சூடாக ஒரு வாழைக்காய் பஜ்ஜியை வைத்தாள். கீழே மடிக்கக் காகிதம் வைக்கவில்லை; வாழை இலைத் துண்டு வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பாண்டிராஜ் நாற்காலியில் சரிந்தான். "விடு சித்ரா. இந்த வருஷம் நடக்க வேண்டாம்."

"அதெப்படி?" என்று ஜெயசித்ரா நீளநோட்டை எடுத்தாள். பதிமூன்றையும் அதனதன் தேதிக்குரிய இடத்தில் வைத்தாள். நடுவில் வெறும் தரை நீளநீளமாகக் கிடந்தது. "எந்திரிங்க. நான் வாசிக்கேன், நீங்க நடங்க. ஆகஸ்ட் இருபது. கோழி."

அவன் ஓர் எட்டு வைத்தான். வள்ளி ஓடிவந்து அந்த வெற்றிடத்தில் நின்றுகொண்டாள். "கோழிக்கு நான் நாலு காலு போட்டேன்ப்பா. மிஸ் அடிச்சிட்டாங்க."

"ஆகஸ்ட் இருபத்தெட்டு. சைக்கிள்."

"அது பஞ்சரு சைக்கிளு."

அவனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. இன்னோர் எட்டு வைத்தான்.

"செப்டம்பர் நாலு. மலை."

"மலையா?" என்றாள் வள்ளி. "நான் மலையே போடலையே."

"இந்தா இருக்கு பாரு, எழுதியிருக்கேம்லா. செப்டம்பர் பதினொண்ணு, மலை. பதினெட்டு, மலை." ஜெயசித்ரா வந்து சேர்ந்த பதிமூன்றிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள். கரும்பச்சையாக ஒரு மேடு, மேலே புள்ளி புள்ளியாக மழை.

"அய்யோ அம்மா! அது அப்பா. கம்பளியை இழுத்து மூடிட்டு உறங்குதாங்க. இது கம்பளில இருக்க பொட்டு."

ஜெயசித்ரா நோட்டைப் பார்த்தாள். மலை, மலை, மலை. தன் திருத்தமான கையெழுத்தில் இருபத்தாறு இடத்தில் மலை. ஜன்னலில் தெரிகிற மலையைத்தான் பிள்ளை வரைகிறாள் என்று, கேட்காமலே எழுதிவைத்திருக்கிறாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் பாண்டிராஜ் இதே மாதிரி மலைகளின் பக்கத்திலே எத்தனை எட்டு வைத்திருப்பான்! குற்றாலத்தை நினைத்துக்கொண்டு, தன்னைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான்.

அவள் பென்சிலை எடுத்தாள், அழிக்கவில்லை. செப்டம்பர் நாலுக்கு எதிரே, பக்கத்துக் கட்டத்தில், 'அப்பா' என்று சின்னதாக எழுதினாள்.

பாண்டிராஜ் உள்ளே போய்ப் பெட்டியிலிருந்த கரும்பச்சைக் கம்பளியை எடுத்துவந்தான். செப்டம்பர் பதினொன்றுக்கும் பதினெட்டுக்கும் உரிய வெறுந்தரையில் நீட்டிப் படுத்து, தலையோடு மூடிக்கொண்டான். ஜன்னல் வழியாக வந்த சாரல் கம்பளிமேல் பொடிப்பொடியாக உட்கார்ந்தது.

வள்ளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்தாள்.

"கால உள்ள இழுங்கப்பா," என்றாள். "படத்துல காலு தெரியாது."