நான்கு மூலைப் பொட்டு

சென்ற ஆண்டு ஆடிக் காற்று கரடியூர்ப் பள்ளியின் கூரையைப் பிய்த்தெறிந்தது. அன்று தொடங்கியது ஒரே பேச்சு: பள்ளியை அடிவாரத்துக்கு மாற்று! அறுபது பிள்ளைகள் நாள்தோறும் இருபது கொண்டையூசி வளைவுகளில் பஸ்ஸில் குலுங்க வேண்டும். குலுங்க முடியாத பிள்ளை? காப்பி பறிக்கப் போகும். மலையில் பிறந்ததைத் தவிர அந்தப் பிள்ளை செய்த குற்றம்தான் என்ன?

புதிய கூரை மலைமுகட்டுக் காற்றைத் தாங்கும் என்று அறிக்கை வந்தால்தான் பள்ளி அங்கேயே இருக்கும். தாங்குமா என்று சொல்ல வேண்டியவள் ஷீனா. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகள். அதே பள்ளியில் படித்துப் பொறியாளரானவள். ஏற்காட்டில் பழைய காப்பிக் கிடங்கொன்றில் அமைந்த, விசிறியால் செயற்கைக் காற்று வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில், முகடும் பள்ளியுமாக முழங்கை நீள மாதிரி நின்றது. அதன் கூரையெங்கும் ஊசித் துளைகள். துளைக்கொரு மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில் அழுத்தம் அளக்கும் கருவி.

விசிறி சுழன்றது. கூரைத் திருகாணிகள் தாங்கும் எல்லை நூறு. நடுக்கூரையில் காற்றின் இழுப்பு நாற்பது. நான்கு மூலைகளிலும் பூச்சியம்!

"பாஸ் ஆயிருச்சுங்க மேடம்!" கணினி முன்னிருந்த அவளுடைய உதவிப் பொறியாளன் தனபால் கைதட்டினான். "அறிக்கையை அனுப்பீரலாமுங்களா?"

அனுப்பினால் பள்ளி பிழைக்கும். ஆனால் காற்று மூலையைத்தானே முதலில் பற்றி இழுக்கும்? அங்கே பூச்சியம் எப்படி வரும்? பொய்யான எண்ணை நம்பி எழும் கூரையின் கீழே உட்காரப் போவது யார்? அதே அறுபது பிள்ளைகள்!

ஷீனா விசிறியை நிறுத்தி, மாதிரியின்மேல் குனிந்தாள். சந்தனம் மணத்தது. கூரையின் மூலைக்கொரு சந்தனப் பொட்டு, பொட்டின் நடுவில் குங்குமம்.

"சின்னையண்ணா, இது யாரு வேலைங்க?"

ஆய்வக உதவியாளர் சின்னையன் தலையைச் சொறிந்தார். "ஆயுத பூசைக்கு வெச்சதுங்க கண்ணு. விசிறிக்கு வெச்சேன், கம்ப்யூட்டருக்கு வெச்சேன். இந்தக் குட்டிப் பள்ளிக்கூடத்தை மட்டும் வெறுமனே உடலாமுங்களா? நொம்பப் பாத்துப் பாத்து வெச்சேன்."

"பாத்துப் பாத்து ஓட்டையிலேயே வெச்சிருக்கீங்க!" என்றான் தனபால்.

சின்னையனின் முகம் வெளுத்தது. அவருடைய பேத்தியும் கரடியூர்ப் பள்ளியில்தான் படித்து வந்தாள். அவரே ஊசியெடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்தித் திறந்தார்.

மீண்டும் விசிறி. மாதிரி நின்ற சுழல்மேடையைத் திருப்பித் திருப்பி எல்லாத் திசைக் காற்றுக்கும் அதைக் காட்டினார்கள். மூலையின் எண் ஏறியது. ஐம்பது. எழுபது. எண்பது. ஷீனா மூச்சுவிட மறந்தாள். எண்பத்தாறு. கடைசித் திசையும் முடிந்தது. அதற்குமேல் அது ஏறவேயில்லை, நூறைத் தொடவேயில்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"கண்ணு, அடுத்த வருசம் பொட்டை எங்கீங்க வெக்கறது?"

"அடிப்பலகையில வெய்ங்கண்ணா. நானே சந்தனம் அரைச்சுத் தாரேன்!"

தலைமையாசிரியர் ஜீவானந்தத்தைப் போனில் அழைத்தாள். "சார், கூரை தாங்குமுங்க. பள்ளிக்கூடம் எங்கயும் போகாதுங்க."

மறுமுனையில் தடதடவென்று காலடிச் சத்தம். அவர் போனை மேசைமேல் போட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் ஓடியிருக்க வேண்டும். சற்று நேரத்தில் அறுபது தொண்டைகளின் கூச்சல் கேட்டது.