நேராக ஒட்டிய மட்கார்டு

பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். அதனால் மனைவி வீட்டில் அவருக்குப் ‘பல்லு மாப்பிள்ளை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஓய்வு கிடைத்தால் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னச் சின்ன டேங்குகள் செய்வார். மாமனாரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு, அவர் போரில் ஓட்டிய டேங்கையே முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்து கொடுக்க நினைத்தார்.

அந்த டேங்க் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்தான். நாலு பேர் கூடினால் போதும், மாமனார் கதையை எடுத்துவிடுவார். சந்து முனையில் திரும்பும்போது மதில்சுவரை இடித்துத் தள்ளிய கதை. “பிஸ்கட் மாதிரி பொலபொலன்னு போச்சு. கமாண்டர் என்னைத் திட்டின திட்டு இருக்கே...” என்று இழுப்பார். சிரிக்காதவர்கள் கிடையாது.

அவரிடமே விவரம் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். ஆகவே மாப்பிள்ளை தானே தேடி அலைந்தார். பழைய புத்தகக் கடையில் அந்தப் படைப்பிரிவின் பொன்விழா மலர் கிடைத்தது. அதில் அதே எண் போட்ட டேங்க், சண்டை முடிந்த மறுநாள் எடுத்த படம். லென்ஸை வைத்துச் சக்கரங்களை எண்ணினார். விளக்கு எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டார். வலது மட்கார்டு நெளிந்திருந்தது. சுவரில் முட்டியிருந்தால் தகடு பின்னுக்கு மடங்கியிருக்க வேண்டும். இதுவோ அடியிலிருந்து மேலே சுருண்டிருந்தது. தகட்டுக்கும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிக்கும் நடுவே ஏதோ இரும்பு வளையம் சிக்கியிருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

மலரின் கடைசிப் பக்கங்களில் ஓய்வுபெற்றவர்களின் தொலைபேசி எண்கள் இருந்தன. அதே டேங்கில் பீரங்கி சுட்ட கன்னர் இன்னும் உயிரோடு இருந்தார். மதிய இடைவேளையில் மாப்பிள்ளை அவருக்குப் போன் செய்தார்.

“வளையமா?” என்றார் கன்னர். “அது தள்ளுவண்டிச் சக்கரத்தோட பட்டை. சுவத்துக்குப் பின்னாடி ஊர்சனங்க வண்டியோட ஒளிஞ்சிருந்தாங்க, தம்பி. நானும் கமாண்டரும் மேல இருந்து பாத்தோம். டிரைவருக்கு அந்தச் சின்ன ஓட்டை வழியா என்ன தெரியும்? புழுதி வேற. அவன்கிட்ட சொல்ல வேணாம்னு கமாண்டர் சொல்லிட்டாரு. சொன்னா மறுநாள் யாரு ஓட்டுறது?”

அன்று மாப்பிள்ளைக்கு வேலையே ஓடவில்லை. ஒரு கீழ்த்தாடை செட் கோணலாகிப்போய், மெழுகை உருக்கி மறுபடி முதலிலிருந்து செய்தார்.

டேங்க் முடிந்தது. சுருளைக் காட்டாமல், மட்கார்டை நேராகவே ஒட்டினார்.

பிறந்தநாளன்று மற்றவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாமனார் ஜன்னலோரம் உட்கார்ந்து டேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் வலது மட்கார்டில் வந்து நின்றது.

“இது நேரா இருக்கே?”

“படத்துல சரியா தெரியலை மாமா.”

“நீங்க அப்படி விட்டுடற ஆளில்லையே.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கன்னர்கிட்ட பேசினீங்களா?”

மாப்பிள்ளை ஆமாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

“அந்த வளையத்தைப் பிடுங்கிப் போட்டதே நான்தான், மாப்ள. எனக்குத் தெரியாதுன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க. நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். சுவத்துக் கதையைச் சொன்னா எல்லாரும் சிரிச்சாங்க. சிரிச்சா யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்கல்ல.”

உள்ளேயிருந்து மகள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

“எத்தனை பேருன்னு சொன்னானா?”

“நாலு.”

“சின்னவங்க?”

“அதை நான் கேக்கலை மாமா.”

கேட்டிருந்தார். கன்னர் சொல்லியும் இருந்தார்.

மாமனார் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சரி,” என்றார். “கேக்க வேணாம்.”