நீலக் கோடு முந்திக்கொள்கிறது

...மறுபடியும் முந்திக்கொண்டுவிட்டது, எண்ணெய் இன்னும் தடத்தில் கொட்டவே இல்லை, அதற்குள் வேகத்தைக் காட்டும் நீலக் கோடு சரிந்துவிட்டது, பிரேக் பிடித்தாகிவிட்டது, இதெப்படி ஐயா நடக்கும் என்று நாகேஸ்வரன் திரையைப் பார்த்துக் கேட்டார், திரை என்றைக்கு யாருக்குப் பதில் சொல்லியிருக்கிறது. மஞ்சள் கோட்டைப் பாருங்கள், யோக்கியமான கோடு, எண்ணெய் கொட்டுகிறது, கண் பார்க்கிறது, கால் அழுத்துகிறது, மனிதப் பிறவி என்றால் அப்படித்தான் இருக்கும். இரண்டு கோடுகள், இரண்டு இளம் ஓட்டுநர்கள், ஒரே ஒரு இருக்கை... கடல் தாண்டி இருக்கும் அந்தப் பெரிய ரேஸ் அணி சாயங்காலத்துக்குள் நிறத்தைச் சொல் என்கிறது, பெயர் வேண்டாம், முகம் வேண்டாம், நிறம் மட்டும் போதும். இந்த ஏற்பாட்டைச் செய்ததே அவர்தான், ஊரும் சாதியும் அப்பன் செல்வாக்கும் தீர்ப்புக்குள் புகுந்துவிடக் கூடாது என்று. கரமனையிலிருந்து தினம் ஸ்கூட்டரில் வந்து, இந்த சிமுலேட்டர் அறையின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு ரேஸ் தடத்தையும் நேரில் பார்க்காமலே யாருக்கு எதிர்காலம் உண்டு என்று சொல்லுகிற உத்தியோகம், கேட்டால் அக்ரஹாரத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள், வீடியோ கேமுக்கு மார்க் போடுகிறாராம் நாகேஸ்வரன் என்று. சிரிக்கட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் பொய்க் காரில் பறக்கிறார்கள், இந்தப் பக்கம் அவர் கையில் ஒரு பட்டன், எப்போது தோன்றுகிறதோ அப்போது அழுத்துவார், தடத்தில் எண்ணெய் கொட்டும், இல்லை எவன் காராவது குறுக்கே சுழன்று நிற்கும். எப்போது அழுத்துவார் என்று அவருக்கே தெரியாது... அப்படியிருக்க இந்த நீலத்துக்கு மட்டும் எப்படி?

கடிகாரம் பிசகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார், நினைக்காமல் என்ன செய்வது, ஆனால் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் சத்தியநேசன் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, கடிகாரத்தில் குற்றமில்லை, குற்றம் பார்க்கிற கண்ணில்தான் என்று சொல்லாத குறையாகப் போய்விட்டான். அதன் பிறகு மனசு கேட்கவில்லை. தானே போட்ட விதியைத் தானே மீறி, யாரப்பா அந்த நீலம் என்று கேட்டார், சத்தியநேசன் மோவாயால் வெளியே பெஞ்சைக் காட்டினான். ஒல்லியாக ஒரு பெண், இசக்கிசெல்வி, குட்டிப் பந்தயக் கார்கள் ஓடும் கார்ட்டிங் தளத்தில் டயர் மாற்றும் வன்னியராஜின் மகள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். இந்த இருக்கை போனால் அவளுக்கு இன்னொரு இருக்கை கிடையாது, பழவங்காடித் துணிக்கடையில் இப்போது பாதி நாள் நிற்கிறவள் இனி முழு நாளும் நிற்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். முகம் தெரிந்துபோயிற்றே, இனி இதை எப்படி மறப்பது... வெளியே போய், உனக்கு எப்படிம்மா முன்னாடியே தெரியறது என்று கேட்டேவிட்டார். அவள் திருட்டுப் பழி விழுந்தவள் போல விழித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாரே. சாருக்க மூச்சு நிக்கும், ஹெட்போன்ல கேக்கும். அப்ப நான் பிரேக் சவுட்டுவேன், அவ்வளவுதான்."

அட, இவ்வளவுதானா... சிரிப்பே வந்துவிட்டது அவருக்கு. பூணூல் போட்ட நாளிலிருந்து காலையும் மாலையும் மூக்கைப் பிடித்து மூச்சை அடக்குகிற பழக்கம், எந்தக் காரியத்துக்கு முன்னாலும் தானாக நின்றுவிடும், சீதாலக்ஷ்மி கூடச் சொல்லுவாள், கையெழுத்துப் போடறதுக்குமா மூச்சைப் பிடிக்கணும் என்று. ஓட்டுகிறவர்களோடு பேசுவதற்கான மைக் மேஜை மேலே திறந்தே கிடந்திருக்கிறது, அவர் மூச்சு நிற்க, இவள் காது கேட்டிருக்கிறது. இது கள்ளமா? ஏன் கள்ளம், மஞ்சளுக்கும் அதே ஹெட்போன்தானே, அவன் கேட்கவில்லை, இவள் கேட்டாள், கேட்கத் தெரிவதும் ஒரு சாமர்த்தியம்தானே. நீலம் என்றே சொல்லிவிடலாம் என்று திரும்பினார், அப்போதுதான் அவள் சமாதானம் சொல்லுகிற மாதிரி இன்னொன்றையும் சொன்னாள்.

"திங்கக்கிழமதான் சாரே நல்லா கேட்டுது. காதுப் பக்கத்துல நின்னு விடுற மாதிரி. தண்ணிச் சத்தமும் உண்டாயிருந்து."

திங்கட்கிழமை அவள் ஓட்டிய நேரத்தில் அவர் இங்கே இல்லை. வேகமாக உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிப் போன நாள் அது, அவர் இல்லாவிட்டால் தடங்கல்களை இயந்திரமே தன் போக்கில் போட்டுக்கொள்ளும், யாரும் பட்டனைத் தொடுவதில்லை. மைக்? மைக்கை அன்று காலையிலேயே ரிப்பேருக்குக் கொண்டுபோனோமே சாரே என்கிறான் சத்தியநேசன், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறான், அவனுக்கென்ன. திங்கட்கிழமையின் கோடுகளைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு தடங்கலுக்கும் நீலம் முந்தியிருக்கிறது, மற்ற நாட்களைவிடத் துல்லியமாக. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார், கரமனை ஆற்றுப் படித்துறையில், முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, விரலை மூக்கில் வைத்து... மூச்சை நிறுத்தி, விட்டு, மறுபடி நிறுத்தி... சந்தியாவந்தனம். அவர் நிறுத்தியபோதெல்லாம் இங்கே எண்ணெய் கொட்டியிருக்கிறது. வரப்போவது தெரிந்து மூச்சு நின்றதா, மூச்சு நின்றதால் வந்ததா? இது என்ன பைத்தியக்கார யோசனை, படித்தவன் நினைக்கிற நினைப்பா இது... ஆனால் முதுகில் ஏசி காற்று இவ்வளவு சில்லென்று என்றைக்குமே பட்டதில்லை.

நிறத்தைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் என்று சொல்லிவிடலாம், ஒரு பயமும் இல்லை, மஞ்சள் நல்ல பையனாகத்தான் இருப்பான், ஆனால் அப்படிச் சொன்னால் அது தீர்ப்பா, தப்பித்துக்கொள்வதா, தன் பயத்துக்காக ஒரு பெண்ணைத் துணிக்கடைக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்... நீலம் என்றால் அவள் போவாள், நிஜத் தடம், நிஜ வேகம், பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற நிஜக் கார்கள். அங்கே நடுப்பகல், இங்கே சாயங்காலம், அவர் படித்துறையில் மூக்கைப் பிடிப்பார், ஒன்றுமில்லாத நேர்ச் சாலையில் அவள் கால் பிரேக்கை அழுத்தும்... பின்னால் வருகிறவன்? அல்லது உண்மையிலேயே ஏதோ வரும், இவர் பயந்துகொண்டு மூச்சைப் பிடிக்காமலே இருந்துவிடுவார், அவளுக்குச் சொல்ல ஆளிருக்காது. எப்படிப் பார்த்தாலும் அவள் உயிர் இவர் மூக்கில் அல்லவா வந்து நிற்கிறது. சே, காது கூர்மையான ஒரு பெண், ஏதோ ஒரு தற்செயல், வேகமாக ஓட்டுகிறவர் யாரோ அவருக்குத்தான் இருக்கை, மற்றதெல்லாம் மூளைச்சூடு. நீலம் என்று அடித்தார். அனுப்பும் பட்டன் மேல் விரலை வைத்தார், அழுத்தினார்.

அழுத்திய பிறகுதான் தெரிந்தது, மூச்சு நின்றிருந்தது. கறுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசக்கிசெல்வி எப்போதோ உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தாள், காதில் ஹெட்போன் இல்லை, இவர் இருப்பதும் அங்கிருந்து தெரியாது. கிளாஸ் உதட்டருகே நின்றுவிட்டது. இந்தக் கார்களில் பிரேக் இடது காலுக்கு, அவளுடைய இடது பாதம் வெறும் தரையை மெல்ல, முழு பலத்தோடு அழுத்தியது. பிறகு அவள் தலையைத் திருப்பி, அறையின் நாலு பக்கமும் பார்த்தாள், எது வரப்போகிறது என்று... நாகேஸ்வரனும் பார்த்தார், மூச்சை விடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே, விடாமல்.