விலாசம் மாறிய வாக்குத்தத்தம்

1

முதலில் ஓர் ஒப்புதல். இக்கதையின் கரு எனக்குத் தோன்றியதன்று. ஒரு தட்டுச் சிற்றுண்டியோடு வந்து சேர்ந்தது. மெல்பேர்னில் ஒரு கருத்தரங்கு. புனைகதையில் முன்னறிவிப்பு இயங்கும் முறை பற்றி நான் இருபது நிமிடம் கட்டுரை வாசித்தேன். எழுதுபவர் முடிவை முதலில் அறிந்துகொள்கிறார். பின்னர் தொடக்கத்துக்குத் திரும்பி வந்து ஓர் அடையாளத்தை ஊன்றிவைக்கிறார். வாசகர் அதை விதி என்று நம்புகிறார். கட்டுரையின் சாரம் இவ்வளவே. இடைவேளையில் உணவு பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர், என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரைப் படித்துவிட்டுத் தமிழில் கேட்டார்:

"தங்கச்சி, வேற ஆக்களுக்குப் போட்ட கடிதம் எங்கட வீட்டுக்கு வந்தால், அதில எழுதியிருக்கிறது எங்களுக்கும் நடக்குமோ?"

என் கட்டுரையைவிட நல்ல கேள்வி. பதில் தெரியாததால் கதை எழுத அமர்ந்தேன். (எங்கள் துறையில் பதில் தெரியாதபோது இன்னொரு கட்டுரை எழுதுவதே வழக்கம். அதையும் முயன்றேன், அடிக்குறிப்புகள் மட்டும் வந்தன.)

அவருக்குச் சிறிதரன் என்று பெயர் வைக்கிறேன். இனி என் தலையீடு குறையும் என்று சொல்ல விரும்புகிறேன். சொல்லமாட்டேன், வாக்களிப்பதில் உள்ள ஆபத்தைப் பற்றியதுதான் இந்தக் கதை.

2

தொடக்கம், முதல் வரைவு: "நோபல் பார்க் ரயில் மேடையில் நின்ற சிறிதரனின் தலைக்கு நேர்மேலே ஒரு கரிய மேகம்—"

கூடாது. மேகத்தைக் கண்டதும் நீங்கள் குடை தேடுவீர்கள்.

இரண்டாம் வரைவு: "பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு படகில்—"

இதுவும் கூடாது. படகில் வந்தவர்களைப் படகிலேயே வைத்து எழுதுவது எங்களுக்குப் பழகிப்போன சோம்பல். அவர் எப்போதோ இறங்கிவிட்டார்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் தமிழ்ச் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஒரு கூடையில் சிறிய அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வசனம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். கையில் வந்தது அந்த ஆண்டு முழுவதற்கும் கடவுள் உங்களுக்கென்று தந்த சொல். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பார்கள். டிசம்பர் வரை பாலுக்கும் தயிருக்கும் அதுவே காவல்.

சிறிதரனின் மனைவி சுஜீவாவுக்கு வந்தது அப்பத்தையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்கும் வசனம். சிறிதரனுக்கு வந்தது எசேக்கியேல் தீர்க்கதரிசியின் வாயிலாகக் கடவுள் சொன்னது: பிற தேசங்களின் நடுவிலிருந்து சேர்த்தெடுத்து, சொந்த தேசத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் விடுவேன் என்பது அதன் பொருள்.

பக்கத்தில் நின்றவர்கள் அல்லேலூயா என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தற்காலிக விசாவில் இருப்பவர் சிறிதரன். இலங்கைக்குத் திருப்பி அனுப்புவார்களா, இங்கேயே இருக்கவிடுவார்களா என்ற இறுதி முடிவு இன்றோ நாளையோ வர இருந்தது. அவர் அட்டையோடு கூடைக்குத் திரும்பினார்.

"பாஸ்டர், இதை வைச்சிட்டு வேற ஒண்டு எடுக்கலாமோ?"

போதகர் பிரதீப்குமார் திருநெல்வேலிக்காரர். "சட்டை சைஸ் மாத்துற மாதிரி மாத்தலாம்னு பாக்கிறீங்களா பிரதர்? ஏன் பயப்படுறீங்க? சொந்த தேசம்னா இதுதான், ஆஸ்திரேலியா. உங்களுக்குப் பி.ஆர்., நிரந்தரமா இங்கேயே தங்குற உரிமை, வருதுன்னு கர்த்தர் சொல்றாரு. இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நீங்கதான் சபை முன்னாடி நின்னு சாட்சி சொல்றீங்க."

காரில் சுஜீவா சொன்னாள்: "இஞ்சருங்கோ, வேணுமெண்டால் என்ரயை வைச்சிருங்கோ. அப்பமும் தண்ணியும் எனக்கு எப்பிடியும் குசினியில கிடக்கு."

3

சிறிதரன் வேலை செய்வது கோல்ஃபீல்ட் பக்கத்தில், யூதர்களின் கோஷர் விதிப்படி சமைத்து விழாக்களுக்கு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில். அங்கே ஹிலெல் என்ற மேற்பார்வையாளர் இருக்கிறார். அடுப்பைப் பற்றவைப்பது அவர் கையால்தான். கீரையில் பூச்சி பார்ப்பது அவர் கண்ணால்தான். அவர் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது.

(ஹிலெலை முதல் வரைவில் வெண்தாடியுள்ள எழுபது வயதுக்காரராக எழுதியிருந்தேன். ஞானத்தை ஒரு கிழவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுதுபவர் தூங்கிவிடலாம் என்பதால், வயதை முப்பத்தொன்றாகக் குறைத்திருக்கிறேன். இன்னொன்று: இருவரும் பேசியது ஆங்கிலத்தில். ஹிலெலுக்கும் யாழ்ப்பாணத் தமிழையே கொடுத்திருக்கிறேன். அந்தச் சமையற்கூடத்தில் வேறு தமிழ் கிடையாது. "அண்ணை" என்பது மட்டும் அவர் உண்மையாகவே சொல்வது.)

ஜனவரி மூன்றாம் வாரம். வெங்காயம் வெட்டிக்கொண்டே சிறிதரன் தன் அச்சத்தைச் சொன்னார். ஹிலெல் அட்டையின் வசனத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, இது எங்கட கடிதமெல்லோ."

"என்னது?"

"பாபிலோனில அகதியாக் கிடந்த எங்கட ஆக்களுக்கு எசேக்கியேல் சொன்னது. முன்னுக்கும் பின்னுக்கும் வாசிச்சுப் பாருங்கோ, விலாசம் கிடக்கு. இஸ்ரவேல் வீட்டாருக்கு. நீங்கள் இருக்கிற நோபல் பார்க்குக்கு இல்லை. தபால்காரன் மாறிப் போட்டிட்டான்."

சிறிதரன் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அப்ப என்னைத் திருப்பி அனுப்பமாட்டினமோ?"

"அது எனக்குத் தெரியாது. அனுப்பினால் எசேக்கியேலில பழி போடாதேங்கோ, அவ்வளவுதான்."

சிறிதரன் சிரித்தார். இரண்டு வெங்காயம் வெட்டினார். மூன்றாவதில் கத்தி நின்றது.

"அப்ப ஹிலெல், மற்றதுகள்?"

மற்றதுகள் என்றால் எல்லா வசனங்களும் அல்ல, ஒன்றுதான். சைவக் குடும்பத்தில் பிறந்த சிறிதரன் கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டது, படகில் வந்தவர்களை அடைத்துவைக்கும் தடுப்பு முகாமில். அங்கே கைக்குக் கிடைத்த தமிழ்ப் புத்தகமொன்றில், ஏசாயா தீர்க்கதரிசி வரைந்த ஒருவர் இருந்தார். எல்லோராலும் தள்ளப்பட்டு, அடிபட்டும் வாய் திறக்காமல் நின்ற ஒரு தாசன். கிறிஸ்தவர்கள் அவரை இயேசு என்றே வாசிப்பார்கள். விசாரணை அறையில் வாய் திறக்காமல் நின்ற அனுபவம் சிறிதரனுக்கும் இருந்தது.

"ஏசாயாவில அடி வாங்கிக்கொண்டு பேசாமல் நிக்கிறாரே, அவர் ஆர்?"

ஹிலெலின் முகத்தில் விளையாட்டுக் குறைந்தது. "கேக்கிறீங்களோ, சண்டை கொழுவ வாறீங்களோ?"

"கேக்கிறன்."

"நாங்கள் வாசிக்கிற மாதிரி வாசிச்சால் அது நாங்கள்தான், அண்ணை. முன்னால உள்ள அதிகாரங்களில தாசன் ஆரெண்டு பேர் சொல்லியே கிடக்கு, இஸ்ரவேல் எண்டு."

"அப்ப மேசியா எண்டு சொல்லுற மீட்பர்?"

"மேசியா வந்தால் சண்டை நிக்கவேணும். சிதறின ஆக்கள் வீடு திரும்பவேணும். இண்டைக்குக் காலமை செய்தி கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"சண்டை நிண்டதோ?"

"இல்லை."

"அப்ப அவர் வரேல்லை."

"வந்தவர். மிச்சத்தை முடிக்கத் திரும்ப வருவார்."

"ரெண்டு தரமா வருவார் எண்டு எங்கட புத்தகத்தில இல்லை. நீங்கள் பாதி வெங்காயத்தை வெட்டிப்போட்டு, மிச்சம் திரும்பி வரேக்க எண்டு வீட்டை போனால் நான் கையெழுத்து வைப்பனோ?"

"வெட்டின பாதி கறியில கிடக்கே. அதை இல்லையெண்டு சொல்லுவீரோ?"

ஹிலெல் யோசித்தார். "பிழையான பதில். ஆனால் நல்ல பதில்." பிறகு கீரைத் தட்டை விளக்கடியில் பிடித்தபடி சொன்னார்: "இன்னொண்டு. உங்கட இயேசுவின்ர கதையை எழுதினவைக்கு எங்கட புத்தகம் மனப்பாடம். ராசா கழுதையில வருவார் எண்டு முன்னமே வாசிச்சவன், கழுதையை விட்டிட்டு எழுதுவானோ?"

4

இந்த இடத்தில் எழுத்து மூன்று நாள் நின்றது. கழுதையைப் பற்றிய அந்த ஒரு வரி என் கருத்தரங்கக் கட்டுரையை அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டது.

மேலும் ஒரு சங்கடம். எனக்குப் புகட்டப்பட்ட விமர்சன நெறியின்படி, ஒரு பனுவல் அதன் முதல் விலாசதாரருக்கு மட்டும் சொந்தமானதன்று. எழுதியவரின் நோக்கத்தை நாங்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டோம். அப்படியானால் எசேக்கியேலை ஆஸ்திரேலிய நிரந்தர வதிவிட அறிவித்தலாக வாசிக்கும் போதகர் பிரதீப்குமார்தான் எங்கள் துறையின் மாணவர்களில் முதல்வர். ஹிலெலோ முன்பின் பக்கங்களைப் படி என்று வற்புறுத்தும் பழைய ஆசிரியர். என் கோட்பாடு ஒருவர் பக்கம். என் மனம் மற்றவர் பக்கம்.

(ஹிலெலுக்கும் முழு மதிப்பெண் தரமுடியாது. அந்தத் தாசன் யார் என்பதில் யூத மரபுக்குள்ளேயே பல குரல்கள் உண்டு. அவர் வெங்காயத்துக்கு இடையில் பேசினார், நூலகத்தில் அல்ல.)

எப்படி வாசிப்பது என்பது எனக்கு ஒரு கல்விப் பிரச்சினை. சிறிதரனுக்கு அப்படியல்ல. முன்பின் பார்த்து வாசித்தால் அட்டையின் அச்சம் போகிறது. அதே வாசிப்பில், தடுப்பு முகாமில் தன்னோடு நின்ற கிறிஸ்துவும் போய்விடுகிறார். அட்டை தனக்குத்தான் என்று வைத்துக்கொண்டால் அவர் இருக்கிறார். விமானச் சீட்டும் இருக்கிறது. இரண்டு கதவுக்கும் ஒரே சாவி.

5

சாட்சி சொல்லும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள். சுஜீவா பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். சிறிதரன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"ஹிலெல் சொல்லுறது சரியெண்டால் எனக்குப் பயமில்லை. ஆனால் ஆளும் இல்லை."

"முகாமில அவர் உங்களிட்ட எப்ப வந்தவர்? அந்தப் புத்தகத்தை வாசிச்ச பிறகோ, முதலோ?"

அவர் நினைத்துப் பார்த்தார். காய்ச்சலில் நடுங்கிக் கிடந்த ஒரு மத்தியானம். அறையில் ஒருவருமில்லை, ஆனால் ஒருவர் இருந்தார். புத்தகம் கைக்கு வந்தது அடுத்த கிழமை.

"முதல்."

"அப்ப அந்த வசனம் அவற்ற அடையாள அட்டை மாதிரித்தானே. அட்டை துலைஞ்சால் ஆள் துலைஞ்சிடுவாரோ?"

"அட்டை இல்லாட்டி ஆளே இல்லையெண்டு பன்னிரண்டு வருசமா எங்களுக்குச் சொல்லுறாங்கள், சுஜீவா."

அவள் பருப்பைக் கழுவுவதை நிறுத்திவிட்டாள். "ஓமப்பா. ஆனால் நாங்கள் இருக்கிறமே."

(இந்த உரையாடலை ஆறு முறை திருத்தினேன். கடைசியில் அவர்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன்.)

6

ஞாயிறு. ஒலிவாங்கி.

முடிவு அ: "இந்த வசனம் நிறைவேறும் என்று விசுவாசிக்கிறேன்" என்கிறார். சபை கைதட்டுகிறது. அவர் மட்டும் உள்ளே—

இல்லை. இவ்வளவு கோழையாக அவரை எழுத மனம் வரவில்லை.

முடிவு ஆ: அட்டையைக் கிழித்து—

இதுவும் இல்லை. அட்டை தடித்த காகிதம். கிழிப்பது அழகாக இருக்காது. அவரும் அப்படிப்பட்டவரல்லர்.

நடந்ததாக அவர் எனக்குச் சொன்னது இதுதான். சிறிதரன் அட்டையைக் காட்டிச் சொன்னார்:

"இது எனக்கு எழுதினது இல்லை. வேற ஆக்களுக்கு எழுதினது. அவையில ஒருத்தரோடதான் நான் வேலை செய்யிறன். மேசியாவுக்கு அவையள் இன்னும் காத்துக்கொண்டிருக்கினம். நானும் காத்துக்கொண்டிருக்கிறன். எங்களுக்குள்ள சொந்தம் அவ்வளவுதான். என்ர ஆண்டவரை நான் விடமாட்டன். நிரூபி எண்டால் எனக்குத் தெரியாது."

பிரதீப்குமார் ஒலிவாங்கியை வாங்கி, "ஆமென் சொல்லலாமா, வேண்டாமான்னு எனக்கே தெரியல பிரதர்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவரே மெதுவாக ஆமென் சொன்னார்.

7

செவ்வாய்க்கிழமை, சிறிதரன் வேலையில் இருக்கும்போது, சட்டத்தரணியின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஹிலெல் பக்கத்தில் நின்றார். சிறிதரன் கேட்டார், நன்றி சொன்னார், தொலைபேசியை வைத்தார்.

"என்னவாம், அண்ணை?"

சிறிதரன் சொன்னார். என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை.

விசா கிடைத்தது என்று எழுதினால் போதகர் வாசித்தது நிறைவேறும். மறுத்துவிட்டார்கள் என்று எழுதினால் அவருடைய அச்சம் நிறைவேறும். எதை எழுதினாலும் எசேக்கியேலுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். சிறிதரனுக்கு ஒன்றும் கிடைக்காது. துண்டுப்பிரசுரங்களில் இடப்பக்கம் தீர்க்கதரிசனமும் வலப்பக்கம் அது நிறைவேறிய விதமும் அச்சிட்டிருப்பார்கள். ஒரு மனிதரின் செவ்வாய்க்கிழமை அந்த வலப்பக்கத்துக்குப் போவதை நான் விரும்பவில்லை.

அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இடப்பக்கத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள்.